அறுவைக்கு முன் ஒரு சாயச் சோதனை

வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்குக் கடிதங்கள் குவிந்துவிட்டன. மும்பையில் குடல் அறுவை மருத்துவராக இருக்கும் என்னிடம் நேரில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்விகள்கூட அவற்றில் இருந்தன. பெயர்களை எடுத்துவிட்டு ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறேன். முதல் கடிதத்துக்குத்தான் அதிக இடம் தந்திருக்கிறேன். அந்தக் குடும்பம் இன்னும் சில நாட்களில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்.

டாக்டர் அம்மா, தாராவியில் அறுபதடிச் சாலைப் பக்கம் இருக்கிறோம். அப்பாவுக்கு 58 வயது. விடியற்காலையில் இட்லி அவித்துச் சைக்கிளில் கொண்டுபோய் விற்பவர். பல மாதங்களாக மலத்தில் ரத்தம். மூலம் என்று சொல்லி ஒருவர் பொடியும் களிம்பும் கொடுத்தார். இப்போது குழாய் விட்டுப் பார்த்ததில், ஆசனவாயிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்தில் கட்டி இருக்கிறது, புற்றுநோய் என்கிறார்கள். ஆபரேஷன் செய்து, மலம் வெளியேற வயிற்றில் நிரந்தரமாகப் பை வைக்க வேண்டுமாம். அமெரிக்காவில் ஒரு ஊசி போட்டதில் எல்லோருக்கும் கட்டி கரைந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? கடன் வாங்கியாவது போடலாமா? (தாராவி வாசகர்)

தம்பி, கடனைப் பற்றிப் பிறகு பேசுவோம். அந்தச் செய்தி உண்மை. நியூயார்க்கில் உள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் ஆண்ட்ரியா செர்செக் என்ற மருத்துவரின் குழு, டோஸ்டார்லிமாப் என்ற மருந்தை மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஆறு மாதம், நரம்பு வழியாக ஏற்றியது. 2022-ல் முதல் 12 பேரின் முடிவு வெளியானது. 12 பேருக்கும் கட்டி இருந்த சுவடே இல்லை. 2025-ல் வெளியான அடுத்த கட்ட முடிவில், சிகிச்சையை முடித்த 49 மலக்குடல் நோயாளிகளுக்கும் அதே பலன். கதிர்வீச்சு இல்லை, கீமோ இல்லை, அறுவையும் இல்லை. நான் பயிற்சியில் இருந்த காலத்தில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி ஒரு வரியை விட்டுவிடுகிறது. அந்த நோயாளிகள் எல்லோருடைய கட்டியும் ஒரே வகையைச் சேர்ந்தது. ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் அதன் டி.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது, படியெடுப்பதில் பிழைகள் விழும். அவற்றைத் திருத்துவதில் எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 என்ற நான்கு புரதங்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. இவற்றில் ஒன்று செயலிழந்தாலும் பிழைகள் திருத்தப்படாமல் ஏராளமாகச் சேர்ந்துவிடும். அப்படிப்பட்ட கட்டி உண்டாக்கும் புரதங்கள் உடலுக்கு அந்நியமாகத் தெரியும். நோயெதிர்ப்பு அணுக்கள் கட்டியைத் தேடி வந்து சூழ்ந்துகொள்ளும். சூழ்ந்துகொண்டும் தாக்காமல் நிற்கும், ஏனென்றால் பி.டி.-1 என்ற தடுப்பு அவற்றைக் கட்டிப்போட்டிருக்கும். அந்தக் கட்டை அவிழ்த்துவிடுவதுதான் இந்த மருந்தின் வேலை. திருத்தும் புரதங்கள் ஒழுங்காக உள்ள கட்டியில் அந்நியமாகத் தெரிய அதிகம் இல்லை. அங்கே கட்டை அவிழ்த்தாலும் பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. மலக்குடல் புற்றுநோய் வந்த நூறு பேரில் இந்தப் புரதங்களை இழந்த வகை ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் இருக்கும்.

உங்கள் அப்பா அந்தச் சிலரில் ஒருவரா என்று தெரிந்துகொள்ள அவரை மறுபடி படுக்கவைத்துக் குத்த வேண்டியதில்லை. பயாப்ஸியில் எடுத்த துணுக்கு மெழுகுக் கட்டியில் பதிந்து ஆய்வகத்தில் பத்திரமாக இருக்கிறது. அதிலிருந்து மெல்லிய சீவல்கள் எடுத்து நான்கு புரதங்களுக்கும் தனித்தனியே சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். ‘எம்.எம்.ஆர். ஐ.எச்.சி.’ என்று சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். சில நாட்களில், சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். நோய்க்குறியியல் மருத்துவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இந்தச் சீவல்களை நுண்ணோக்கியில் பார்ப்பது என் வழக்கம். புரதம் இருந்தால் செல்லின் கரு பழுப்பாகும். இல்லாவிட்டால் வெளிர் நீலமாகவே நிற்கும். புரதம் இழந்த கட்டியில் நீலக் கருக்கள் நெருக்கமாக நிற்க, அவற்றினூடே நுழைந்து வந்த நோயெதிர்ப்பு அணுக்கள் மட்டும் பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். அந்தப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால்தான் சாயம் சரியாக ஏறியிருக்கிறது என்று நம்பி முடிவை எழுத முடியும்.

இந்த முடிவு கைக்கு வராமல் அறுவைக்குத் தேதி குறிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பல இடங்களில் அறுவை முடிந்த பிறகுதான் இதைச் செய்கிறார்கள். மலக்குடலை எடுத்த பிறகு, அதைக் காப்பாற்றியிருக்கலாம் என்று தெரிந்து யாருக்கு என்ன லாபம்?

புரதம் இழந்த வகை என்று வந்தால், இதே குடும்பத்தைச் சேர்ந்த பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகிய மருந்துகள் நம் நாட்டில் கிடைக்கின்றன. செலவு லட்சக்கணக்கில் ஆகும். ஆகவே வட்டிக்குக் கடன் வாங்குவதற்கு முன் மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பாருங்கள். மகாத்மா ஜோதிராவ் புலே ஜன் ஆரோக்கிய யோஜனாவில் எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு கிடைக்கும், எந்த அறக்கட்டளைக்கு எழுதலாம், மருந்து நிறுவனத்தின் உதவித் திட்டம் உண்டா என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். ரேஷன் அட்டை, ஆதார் இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள். இன்னொன்று: இந்த வகை சில குடும்பங்களில் பரம்பரையாக வரும். அதற்கு லிஞ்ச் குறைபாடு என்று பெயர். அப்படி உறுதியானால் நீங்களும் உங்கள் உடன்பிறந்தவர்களும் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் அபாயமும் உண்டு.

புரதங்கள் நான்கும் இருக்கின்றன என்று வந்தால், அதற்கே வாய்ப்பு அதிகம், அந்த ஊசிக்காக ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்காதீர்கள். ஆனால் அப்போதும் ‘நிரந்தரப் பை’ என்பதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 5 சென்டிமீட்டர் என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது. மலத்தை அடக்கும் சுருக்குத்தசையைக் கட்டி தொட்டிருக்கிறதா, சுற்றியுள்ள கொழுப்புறையின் விளிம்பு வரை வந்திருக்கிறதா என்பதை மலக்குடல் எம்.ஆர்.ஐ. காட்டும். கதிர்வீச்சையும் கீமோவையும் முழுவதுமாக முன்கூட்டியே கொடுத்துவிட்டு, கட்டி மறைந்தவர்களை அறுக்காமல் கண்காணிக்கும் முறை இன்று நடைமுறையில் இருக்கிறது. பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரத்து அறுவை மருத்துவர் ஆஞ்செலிட்டா ஹாபர்-காமா 2004-ல், இப்படி அறுக்காமல் கண்காணித்த தம் நோயாளிகளின் நீண்டகால முடிவுகளை வெளியிட்டபோது துறையில் பலர் அவரை நம்பவில்லை. 2022-ல் வெளியான அமெரிக்காவின் ஓப்ரா ஆய்வில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மலக்குடல் காப்பாற்றப்பட்டது.

அறுக்காமல் விடுவது என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவது அல்ல. முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒரு முறை விரல் பரிசோதனையும் எண்டோஸ்கோபியும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை எம்.ஆர்.ஐ.யும் வேண்டும். திரும்ப முளைக்கும் கட்டி பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் முளைக்கும். உடனே கண்டுபிடித்தால் அறுவை செய்து குணப்படுத்த முடியும். தவறவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். சிகிச்சை முடிந்ததும் சொந்த ஊருக்கே போய்விட அப்பா நினைக்கிறார் என்றால் இதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பரிசோதனைக்குத் திரும்பி வர முடியாதவருக்கு நான் இந்த வழியைச் சொல்ல மாட்டேன்.

எனக்கு 34 வயது. வங்கியில் வேலை. சில மாதங்களாக மலத்தோடு ரத்தம் வருகிறது, உடலும் மெலிந்துவிட்டது. ‘இந்த வயதில் புற்றுநோய் எல்லாம் வராது, மூலம்தான்’ என்று மருத்துவர் மாத்திரை தந்தார். இதற்கு மேல் யாரிடம் போய்ச் சொல்வது என்று கூச்சமாக இருக்கிறது. (செம்பூர் வாசகி)

அம்மா, உங்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, அந்த மருத்துவர் கையுறை போட்டு விரல் விட்டுப் பரிசோதித்தாரா என்பது. பார்க்காமலே மூலம் என்று சொல்லியிருந்தால் அது ஊகம். மலக்குடல் கட்டிகளில் கணிசமானவை விரலுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஒரு நிமிடம் ஆகாத அந்தப் பரிசோதனை நடக்காததால் கைநழுவிப் போன மாதங்களை நான் என் நோயாளிகளின் பழைய சீட்டுகளில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மருந்துகளின் பெயர் வரிசையாக இருக்கும். பரிசோதனை பற்றி ஒரு வரி இருக்காது.

இந்த வயதில் வராது என்பதும் இன்றைக்குச் சரியல்ல. 1950 வாக்கில் பிறந்தவர்களோடு ஒப்பிட்டால், 1990 வாக்கில் பிறந்தவர்களுக்கு அதே வயதில் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் இரண்டு மடங்கும் மலக்குடல் புற்றுநோய் அபாயம் நான்கு மடங்கும் இருப்பதாக 2017-ல் அமெரிக்கக் கணக்கு ஒன்று காட்டியது. 2021-ல் அந்த நாட்டின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு, அறிகுறி இல்லாதவர்களும் 45 வயதிலேயே பரிசோதனையைத் தொடங்கலாம் என்று வயதைக் குறைத்தது. நம் நாட்டில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கு அரசின் பரிசோதனைத் திட்டம் உண்டு, குடலுக்கு இல்லை. பரேலில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனை தன்னிடம் வந்த குடல் புற்றுநோயாளிகளை ஆராய்ந்து வெளியிட்ட கணக்கில் சராசரி வயது ஐம்பதுக்குக் கீழே இருந்தது. முத்திரை மோதிர வகை என்று நாங்கள் சொல்லும் வேகமாகப் பரவும் வகையும் மேலைநாடுகளைவிட இங்கே அதிகம்.

இளையவர்களுக்கு ஏன் கூடுகிறது என்ற தேடலில் 2025-ல் ‘நேச்சர்’ இதழில் ஒரு முக்கியமான ஆய்வு வந்தது. 11 நாடுகளைச் சேர்ந்த 981 பேரின் கட்டிகளின் மரபணுத் தொகுதியைப் படித்தார்கள். சில ஈ.கோலை பாக்டீரியாக்கள் சுரக்கும் கோலிபாக்டின் என்ற நச்சு டி.என்.ஏ.வில் விட்டுச்செல்லும் தழும்பு, முதியவர்களைவிட 40 வயதுக்குட்பட்டவர்களின் கட்டிகளில் மும்மடங்குக்கும் மேல் காணப்பட்டது. அந்தத் தழும்பு குழந்தைப் பருவத்திலேயே விழுந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அந்த நச்சுதான் இளம் வயது நோயை உண்டாக்குகிறது என்று இன்னும் நிரூபணமாகவில்லை. அதற்காகக் குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கவோ, மலத்தைச் சோதனைக்கு அனுப்பவோ வேண்டாம்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் இவை: ரத்தம் மலத்தோடு கலந்து வருவது, மலம் போகும் வழக்கம் மாறுவது, போய்விட்டு வந்த பிறகும் இன்னும் பாக்கி இருப்பது போன்ற உணர்வு, எடை குறைவது, காரணம் தெரியாத ரத்தசோகை. இவற்றில் இரண்டு உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. மாதவிடாயைக் காரணம் காட்டி இரும்புச்சத்து டானிக் மட்டும் கொடுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மூலமும் கட்டியும் ஒரே ஆளுக்குச் சேர்ந்தே இருக்கலாம் என்பதால், மூலம் கண்ணுக்குத் தெரிந்தாலும், குழாய் விட்டுப் பெருங்குடல் முழுவதையும் பார்க்கும் கொலனோஸ்கோபி தேவைதான். முந்தைய நாள் குடலைச் சுத்தம் செய்யக் குடிக்கும் உப்புத் தண்ணீர்தான் அதில் சிரமமான பகுதி. குளிரவைத்து எலுமிச்சை பிழிந்தால் இறங்கும். பரிசோதனையின்போது மயக்க ஊசி போடுவார்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள், இந்த நகரத்தில் நாங்கள் நிறையப் பேர் இருக்கிறோம். இந்த இதழைப் படித்து முடித்ததும் நேரம் வாங்கிவிடுங்கள்.

என் கணவருக்குப் பெருங்குடலில் அறுவை முடிந்து, கீமோவும் முடிந்துவிட்டது. மாமியார் அவரைக் கட்டிலை விட்டு இறங்கவிடுவதில்லை. ஆட்டுக்கால் சூப்பும் ஓய்வும்தான் மருந்து என்கிறார். ஆஸ்பிரின் சாப்பிட்டால் நோய் திரும்பாது என்று கணவரின் நண்பர் சொல்கிறார். எது சரி? (டோம்பிவிலி வாசகி)

சூப் குடிக்கட்டும், அதில் தவறில்லை. ஆனால் கட்டிலை விட்டு இறங்கியே ஆக வேண்டும். 2025 ஜூனில் வெளியான சேலஞ்ச் ஆய்வை உங்கள் மாமியாருக்குப் படித்துக் காட்டுங்கள். உங்கள் கணவரைப் போலவே பெருங்குடல் அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஆரோக்கிய வாழ்வு பற்றிய கையேடு. இன்னொரு பகுதியினருக்குப் பயிற்சியாளர் துணையோடு மூன்று ஆண்டு உடற்பயிற்சி. எட்டு ஆண்டு முடிவில் கையேடு வாங்கியவர்களில் 83.2 சதவீதம் பேரும், பயிற்சி செய்தவர்களில் 90.3 சதவீதம் பேரும் உயிரோடு இருந்தார்கள். ஒரு புதிய மருந்து இந்த அளவு பலன் தந்திருந்தால் அது லட்சங்களில் விலை போயிருக்கும்.

வேகமான நடை, ஒரு தடவைக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம், வாரத்துக்கு மூன்று நான்கு நாள் என்பது அந்த ஆய்வில் பலர் எட்டிய அளவு. பேசிக்கொண்டு நடக்கலாம், பாட்டுப் பாட மூச்சு போதாது என்ற வேகம் சரியான வேகம். முதல் வாரமே அங்கே போய் நிற்க வேண்டாம், பத்து நிமிடத்தில் தொடங்கட்டும். ஒன்றைக் கவனியுங்கள். கீமோவில் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து இருந்திருந்தால் பாதம் மரத்துப்போயிருக்கலாம், குத்தினாலும் தெரியாது. செருப்பில் அல்ல, மூடிய ஷூ போட்டு நடக்க வேண்டும். திரும்பி வந்ததும் உள்ளங்காலை நீங்களே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஆஸ்பிரின் விஷயத்தில் நண்பர் சொல்வது பாதி உண்மை. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனம் தலைமையேற்ற அலாஸ்கா ஆய்வு 2025-ல் வெளியானது. தினம் 160 மில்லிகிராம், மூன்று ஆண்டு. நோய் திரும்புவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆனால் பி.ஐ.கே.3.சி.ஏ. மரபணுவிலோ அதே பாதையில் உள்ள வேறு மரபணுவிலோ மாற்றம் இருந்த கட்டிகளில்தான் இதைச் சோதித்தார்கள். மூன்றில் ஒருவருக்குச் சற்று மேல் அந்த மாற்றம் இருக்கும். கட்டியின் துணுக்கில் அந்தப் பரிசோதனையைச் செய்து, வயிற்றுப்புண், ரத்தக்கசிவு அபாயம் பார்த்து, உங்கள் புற்றுநோய் மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும் சாப்பிடட்டும். கடையில் வாங்கி நாமாகத் தொடங்கும் மாத்திரை அல்ல இது.

அண்ணனுக்கு மலக்குடல் அறுவை. ரோபோ மூலம் செய்தால்தான் நல்லது, கூடுதலாகச் சில லட்சம் ஆகும் என்கிறார்கள். அண்ணியின் நகைகளை விற்கலாமா? (முலுண்ட் வாசகர்)

விற்க வேண்டாம். மலக்குடலைச் சுற்றி ஒரு கொழுப்புறை இருக்கிறது. நிணநீர் முடிச்சுகள் அதற்குள்தான் இருக்கின்றன. ஆரஞ்சுச் சுளையை மேல்தோல் கிழியாமல் பிரிப்பதுபோல அந்த உறையைக் கிழிக்காமல் முழுதாக எடுக்க வேண்டும் என்று 1982-ல் இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் ஊரைச் சேர்ந்த பில் ஹீல்ட் எழுதினார். அதன் பிறகுதான் அறுத்த இடத்திலேயே நோய் திரும்புவது பெருமளவு குறைந்தது. அந்த உறை முழுதாக வருகிறதா என்பது எந்தக் கருவியையும்விட முக்கியம்.

ரோபோவால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2017-ல் வந்த ரோலார் ஆய்வில், சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோபியைவிடத் தெளிவான மேன்மை தெரியவில்லை. சீனாவில் நடந்த ரியல் ஆய்வு நடுப்பகுதி, கீழ்ப்பகுதிக் கட்டிகளை எடுத்துக்கொண்டது. அதன் 2025 முடிவில், மூன்று ஆண்டுகளுக்குள் அதே பகுதியில் நோய் திரும்பியது ரோபோ அறுவையில் 1.6 சதவீதம், லேப்ராஸ்கோபியில் 4 சதவீதம். இடுப்பெலும்பு குறுகலான ஆண்களுக்கு ஆழத்தில் வேலை செய்ய ரோபோ வசதிதான், நானே பயன்படுத்துகிறேன். ஆனால் அந்த ஆய்வில் அறுத்தவர்கள் அதில் மிகுந்த கைப்பழக்கம் உள்ளவர்கள். அண்ணனின் மருத்துவரிடம் ஆண்டுக்கு எத்தனை மலக்குடல் அறுவை செய்கிறார் என்று கேளுங்கள். நிறையச் செய்பவர் கையில் லேப்ராஸ்கோபியும், திறந்த அறுவையும்கூட, பாதுகாப்பானதே.

என் கணவருக்கு ஸ்டோமா பை வைத்து மூன்று மாதம் ஆகிறது. பையை வயிற்றில் ஒட்டும் தகட்டின் ஓரத்தில் கசிந்து தோல் புண்ணாகிவிட்டது. ரயிலில் கூட்டத்துக்குப் பயந்து வெளியே வருவதே இல்லை. மாட்டுங்கா ஆஸ்திக சமாஜம் கோயிலுக்கு வாராவாரம் போனவர், இப்போது அசுத்தம் என்று சொல்லிப் போவதை நிறுத்திவிட்டார். (ஆண்டாப் ஹில் வாசகி)

கசிவுக்கு என் முதல் சந்தேகம் தகட்டில் நீங்கள் வெட்டும் ஓட்டையின் அளவு. ஸ்டோமா என்பது மலம் வெளியேற வயிற்றில் வைத்த குடல்வாய். அறுவை முடிந்த புதிதில் அது வீங்கியிருக்கும். ஆறு, எட்டு வாரங்களில் சுருங்கிவிடும். மருத்துவமனையில் முதல் நாள் அளந்து தந்த அட்டையை வைத்தே இன்னமும் வெட்டிக்கொண்டிருந்தால் ஓட்டை பெரிதாகிவிடும். அந்த இடைவெளியில் மலம் தங்கித் தோலை அரிக்கும். இன்றே புதிதாக அளந்து, ஸ்டோமாவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்டுங்கள். தோலைச் சோப்பு இல்லாமல் வெறும் தண்ணீரில் கழுவி, நன்றாக உலரவிட்டு, தகட்டை ஒட்டிய பின் உள்ளங்கையால் சில நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும், உடம்புச் சூட்டில்தான் அது நன்றாகப் பிடிக்கும். எண்ணெய், பவுடர் எதுவும் கூடாது. பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிட வேண்டும். மும்பை மழைக்கால வியர்வையில் தகடு சீக்கிரம் கழன்றுவரும், அந்த மாதங்களில் ஒரு நாள் முன்பே மாற்றுங்கள். ஸ்டோமா சிவப்பாக, ஈரமாக இருப்பது இயல்பு. கருத்தாலோ நீலம் பாய்ந்தாலோ அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். புண் ஒரு வாரத்தில் ஆறவில்லை என்றால் ஸ்டோமா செவிலியரிடம் காட்டுங்கள். ஆஸ்டமி அசோசியேஷன் ஆஃப் இந்தியா மும்பையிலேயே இருக்கிறது. அங்கே இதே பையோடு வேலைக்குப் போய்வருபவர்களை அவர் பார்க்கட்டும், நான் சொல்வதைவிட அவர்கள் சொன்னால் நம்புவார்.

கோயில் பற்றி ஒரு மருத்துவராக அல்ல, தினம் சாமி கும்பிடுபவளாகச் சொல்கிறேன். எல்லோருடைய வயிற்றுக்குள்ளும் இருப்பதுதான் அவருடைய பையிலும் இருக்கிறது. அதில் அசுத்தம் என்று எதுவும் இல்லை. குளித்து, புதுப் பை மாட்டிக்கொண்டு, வேட்டியைப் பைக்கு மேலே தளர்வாகக் கட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். மேலே துண்டைப் போர்த்திக்கொண்டால் யாருக்கும் தெரியாது. ரயிலுக்கும் வழி இருக்கிறது. மும்பை புறநகர் ரயில்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியில் புற்றுநோயாளிகளும் ஏறலாம். சிகிச்சை தந்த மருத்துவமனையில் சான்றிதழ் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளட்டும். முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள், கூட்டம் குறைந்த மதிய வேளையில்.